அமெரிக்க அரசுக்கு அந்த அதிகாரம் உண்டா? அரசமைப்பை வைத்துப் படிப்படியாகச் சரிபார்ப்பது எப்படி

வாஷிங்டனில் ஒரு புதுச் சட்டமோ அதிபரின் ஆணையோ வெளியானதும் 'இது செல்லுமா?' என்ற கேள்வி கிளம்பிவிடும். புதிதாகப் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் நேராக உரிமைகளுக்குத் தாவுகிறார்கள். பேச்சுரிமை மீறப்பட்டதா, சமத்துவம் மீறப்பட்டதா என்று தேடத் தொடங்கி அங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். அமெரிக்க அரசமைப்பில் அதற்கு முன்னால் நிற்கிற கேள்வி ஒன்று உண்டு: இதைச் செய்ய அதிகாரம் எங்கிருந்து வந்தது? அதற்கு விடை இல்லையென்றால் உரிமை வரைக்கும் போக வேண்டியதே இல்லை.

இந்த வழிகாட்டியில் ஒரு சட்டத்தைப் பல படிகளில் ஓட்டிப் பார்ப்போம். பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதை ஃபெடரல் (மத்திய அரசுச் சட்டப்படியான) குற்றமாக்கி 1990-ல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், இயற்றிய சட்டம் அது. குழந்தைகளைக் காப்பாற்றும் சட்டத்தில் என்ன தவறு இருக்க முடியும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அதனால்தான் இந்த உதாரணம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அரசமைப்பின் மூலம் வேண்டும். 7 உறுப்புகள், 27 திருத்தங்கள், அவ்வளவுதான். திருத்தங்களை விட்டுவிட்டால் 5,000 சொற்களுக்குள் அடங்கும். ஒரே அமர்வில் வாசித்துவிடலாம்.

எண்களைக் குறிக்கும் முறையை முதலில் பழகிக்கொள்ளுங்கள். உறுப்பு, அதற்குள் பிரிவு, அதற்குள் கூறு. நம் ஊரில் 'ஆர்ட்டிகிள் 19', 'ஆர்ட்டிகிள் 21' என்று பேசிப் பழகியவர்கள் அமெரிக்காவிலும் அப்படித் தேடிப் பார்த்துக் குழம்புகிறார்கள். அங்கே ஓர் உறுப்பு என்பது ஒரு முழு அத்தியாயம் மாதிரி. முதல் உறுப்பு காங்கிரசுக்கு, இரண்டாவது அதிபருக்கு, மூன்றாவது நீதிமன்றங்களுக்கு. உரிமைகள் பெரும்பாலும் பின்னால் ஒட்டிய திருத்தங்களில் இருக்கின்றன.

இரண்டாவதாக, கேள்விக்குரிய சட்டத்தின் அல்லது ஆணையின் வாசகம். செய்தித் தலைப்பை நம்பி இறங்காதீர்கள். 'தடை செய்தது' என்று தலைப்பு சொல்லும். உள்ளே போனால் 'செய்யாத மாநிலத்துக்கு நிதி குறையும்' என்று இருக்கும். இரண்டுக்கும் அதிகாரம் வேறு வேறு கூறிலிருந்து வர வேண்டும்.

1. செய்தது யார் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

காங்கிரசா, அதிபரா, ஃபெடரல் துறையா, மாநிலமா, தனியாரா? இந்த ஒரு வரிதான் அடுத்து எந்தப் படிக்குப் போக வேண்டும் என்பதை முடிவு செய்யும். காங்கிரஸ் என்றால் படி 2, 3, 4. அதிபரோ துறையோ என்றால் படி 5. மாநிலம் என்றால் படி 6. தனியார் என்றால் நேராகப் படி 7. அநேகமாக அங்கேயே வழக்கு முடிந்துவிடும்.

'அமெரிக்க அரசு செய்தது' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பயனில்லை. டெக்சஸ் மாநிலம் செய்யலாம் என்கிற சிலவற்றை ஃபெடரல் அரசு செய்யக் கூடாது. ஃபெடரல் அரசு செய்யலாம் என்கிற சிலவற்றை டெக்சஸ் செய்யக் கூடாது. நம் உதாரணத்தில் செய்தது காங்கிரஸ்.

2. அதிகாரம் தரும் கூறை விரலால் தொட்டுக் காட்டுங்கள்

முதல் உறுப்பின் முதல் வரியே காங்கிரசுக்கு 'இங்கே வழங்கப்பட்ட' சட்டமியற்றும் அதிகாரங்கள் மட்டும்தான் என்கிறது. அந்தப் பட்டியல் பெரும்பாலும் அதே உறுப்பின் 8-வது பிரிவில் 18 கூறுகளாக இருக்கிறது: வரி, கடன், மாநிலங்களுக்கிடையிலான வணிகம், குடியுரிமை வழங்கல், நாணயம், அஞ்சல், காப்புரிமை, போர் அறிவிப்பு என்று போகும். இவற்றோடு 13, 14, 15 போன்ற சில திருத்தங்களின் கடைசிப் பிரிவுகளும் காங்கிரசுக்குச் சட்டமியற்றும் அதிகாரம் தருகின்றன. மீதி எல்லாம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் என்று 10-வது திருத்தம் சொல்கிறது.

இந்திய வாசகர் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. நம்மிடம் மூன்று பட்டியல்கள். எதிலும் வராத எஞ்சிய அதிகாரம் மத்திய அரசுக்கு. அங்கே ஒரே பட்டியல், எஞ்சியது மாநிலத்துக்கு. பொதுப் பட்டியலைத் தேடாதீர்கள், கிடையாது.

'மக்கள் நலனுக்காக' என்ற முகவுரைச் சொற்களைக் காட்டி அதிகாரம் கோருவது இன்னொரு தவறு. முகவுரை எந்த அதிகாரத்தையும் தராது என்று உச்ச நீதிமன்றம் 1905-லேயே சொல்லிவிட்டது. சுதந்திரப் பிரகடனமும் அப்படித்தான். மேற்கோள் காட்ட அழகு, வழக்கில் அதிகார மூலமாக நிற்காது.

நடைமுறையில் பாதிச் சண்டை 3-வது கூறில், அதாவது வணிகக் கூறில் நடக்கிறது. அதைச் சோதிக்க மூன்று கேள்விகள். சட்டம் மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்துத் தடங்களை ஒழுங்குபடுத்துகிறதா? அந்தத் தடங்களில் போகும் வண்டி, ஆள், சரக்கு பற்றியதா? இரண்டும் இல்லையென்றால், மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைக் கணிசமாகப் பாதிக்கும் செயலைப் பற்றியதா?

மூன்றாவது கேள்வி எவ்வளவு நீளும் என்பதற்கு 1942-ன் விக்கார்ட் எதிர் ஃபில்பர்ன் வழக்கைப் பாருங்கள். ஒஹாயோவில் ஒரு விவசாயிக்குக் கோதுமை போட அனுமதி 11.1 ஏக்கர். அவர் விதைத்தது 23 ஏக்கர். கூடுதலாக விளைந்த 239 புஷலுக்கு (புஷல் என்பது ஒரு தானிய அளவை) புஷல் ஒன்றுக்கு 49 சென்ட் வீதம் 117 டாலர் 11 சென்ட் அபராதம். சொந்த மாட்டுக்கும் வீட்டு அடுப்புக்கும் போகிற கோதுமைக்கும் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்துக்கும் என்ன தொடர்பு என்பது அவர் தரப்புக் கேள்வி. தன் கோதுமையைத் தானே பயன்படுத்துகிறவர் சந்தையில் வாங்குவதில்லை; அப்படி ஒவ்வொருவரும் செய்தால் மொத்தத்தில் நாடு முழுக்க விலை ஆடும் என்றது நீதிமன்றம். காங்கிரஸ் வென்றது.

இதைப் படித்தவர்கள் 'அப்படியானால் எல்லாமே வணிகம்தானே' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீதிமன்றமும் அப்படித்தான் நடந்தது. 1995-ல் நம் பள்ளித் துப்பாக்கிச் சட்டம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அமெரிக்கா எதிர் லோபஸ். சான் அன்டோனியோவில் 12-ம் வகுப்பு மாணவர் ஒருவர் பள்ளிக்குள் கைத்துப்பாக்கி கொண்டுவந்தார். முதலில் டெக்சஸ் சட்டத்தின்படி கைது. மறுநாள் அதைக் கைவிட்டு ஃபெடரல் சட்டத்தின்படி வழக்கு. துப்பாக்கியால் குற்றம், குற்றத்தால் காப்பீட்டுச் செலவு. பயத்தால் படிப்புக் கெடும், படிப்புக் கெட்டால் உற்பத்தி குறையும் என்று அரசுத் தரப்பு சங்கிலி கோத்தது. இந்தச் சங்கிலியை ஏற்றால் காங்கிரஸ் தொட முடியாதது என்று ஒன்றுமே மிஞ்சாது என்று 5-4 என்ற கணக்கில் சட்டம் விழுந்தது. பள்ளியில் துப்பாக்கி வைத்திருப்பது பொருளாதாரச் செயல் ஆகாது. ஆகவே கோதுமைக்குச் செய்ததுபோல் கூட்டிப் பார்க்க முடியாது.

ஆகவே மூன்றாவது கேள்வியில் முதலில் கேட்க வேண்டியது, ஒழுங்குபடுத்தப்படும் செயல் பொருளாதாரச் செயல்தானா என்பது. ஆம் என்றால் நாடு முழுக்கக் கூட்டிப் பாருங்கள். இல்லையென்றால் கூட்டக் கூடாது. கூடவே, அந்த விதி ஒரு பெரிய சந்தை ஒழுங்குமுறையின் பகுதியா என்றும் பாருங்கள். வீட்டில் வளர்த்த கஞ்சாவையும் காங்கிரஸ் தடுக்கலாம் என்று 2005-ல் ரைச் வழக்கில் தீர்ப்பானது அதனால்தான்.

கடைசி 18-வது கூறு, 'அவசியமும் பொருத்தமும்' உள்ள சட்டங்களை இயற்றலாம் என்கிறது. தேசிய வங்கி என்ற சொல் அரசமைப்பில் இல்லாதபோதும் வங்கி அமைக்கலாம் என்று 1819-ல் மெக்கல்லக் எதிர் மேரிலாண்ட் வழக்கில் இதை வைத்துத்தான் தீர்ந்தது. ஆனால் இது தனியாக நிற்காது. முதல் 17 கூறுகளில் ஒன்றையோ அரசமைப்பு தரும் வேறோர் அதிகாரத்தையோ பிடித்துக்கொண்டுதான் இதைப் பயன்படுத்த முடியும். விடைத்தாளில் 18-வது கூறை மட்டும் எழுதியிருந்தால் அது பாதி விடை.

3. நேர்வழி அடைபட்டால் பணவழியைப் பாருங்கள்

1-வது கூறு வரி போடவும் செலவு செய்யவும் அதிகாரம் தருகிறது. நேரடியாகக் கட்டளையிட முடியாத விஷயத்தை நிபந்தனையோடு பணம் கொடுத்து நடத்திக்கொள்ளலாம். மது வாங்கும் வயது 21 என்பது அப்படி வந்ததுதான். காங்கிரஸ் வயதை விதிக்கவில்லை. 21-க்குக் கீழ் உள்ளவர்களை வாங்கவிடும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதம் குறையும் என்று 1984-ல் சட்டம் போட்டது. 19 வயதினருக்கு 3.2 சதவீத மதுச்செறிவுள்ள பீர் விற்க அனுமதித்திருந்த சவுத் டகோட்டா வழக்குப் போட்டு 1987-ல் தோற்றது.

இங்கே சரிபார்க்க வேண்டியவை: செலவு பொது நலனுக்கா, நிபந்தனை தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா, நிதியின் நோக்கத்தோடு அதற்குத் தொடர்பு உண்டா, மறுக்க உண்மையிலேயே வழி இருக்கிறதா. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சவுத் டகோட்டா இழக்கவிருந்தது அதன் பட்ஜெட்டில் அரை சதவீதத்துக்கும் குறைவு. 2012-ன் சுகாதாரக் காப்பீட்டு வழக்கிலோ, மெடிக்கெய்டை (ஏழைகளுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டம்) விரிவாக்காத மாநிலம் இருக்கிற மெடிக்கெய்டு நிதி முழுவதையும் இழக்கும் நிலை. மாநில பட்ஜெட்டில் 10 சதவீதத்துக்கும் மேல். அது நிர்ப்பந்தம் என்று ஏழு நீதிபதிகள் சொன்னார்கள்.

அதே வழக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. காப்பீடு வாங்கியே ஆக வேண்டும் என்ற விதி வணிகக் கூறில் நிற்கவில்லை. ஆனால் வாங்காதவர் செலுத்தும் தொகையை வரியாகப் பார்த்தபோது நின்றது. ஒரு கூறு கைவிட்டால் அடுத்ததையும் சோதித்த பிறகுதான் 'அதிகாரம் இல்லை' என்று எழுத வேண்டும்.

4. அதிகாரம் இருந்தாலும் வந்த வழி சரியா?

சட்டம் இரு அவைகளிலும் நிறைவேறி அதிபரிடம் போயிருக்க வேண்டும். குறுக்குவழி எதுவும் செல்லாது. துறையின் முடிவை ஓர் அவை மட்டும் தீர்மானம் போட்டு ரத்து செய்யும் முறை 1983-ல் விழுந்தது. கையெழுத்திட்ட மசோதாவில் பிடிக்காத செலவுகளை மட்டும் அதிபர் அடித்துவிடும் முறை 1998-ல் விழுந்தது.

இன்னொன்று, மாநில அதிகாரிகளை ஃபெடரல் வேலைக்கு ஏவுவது. துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை உள்ளூர் ஷெரிஃபுகள் (காவல் அதிகாரிகள்) சரிபார்க்க வேண்டும் என்ற பிரேடி சட்டத்தின் விதி 1997-ல் பிரிண்ட்ஸ் வழக்கில் ரத்தானது. காங்கிரஸ் தன் சட்டத்தைத் தன் ஆட்களை வைத்து நடத்திக்கொள்ளலாம். மாநிலத்தின் ஆட்களுக்கு வேலை ஏவ முடியாது.

5. அதிபரின் ஆணை என்றால் முதல் வரியைப் படியுங்கள்

அதிபரின் நிர்வாக ஆணை நம் அவசரச் சட்டம் போன்றது என்று நினைப்பது பெரிய பிழை. அங்கே அதிபர் தாமாகச் சட்டம் பிறப்பிக்க வழியே இல்லை. அதனால் ஆணையின் தொடக்க வரி பெரும்பாலும் 'அரசமைப்பாலும் இன்ன சட்டத்தாலும் எனக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தின்படி' என்றுதான் இருக்கும். அந்த 'இன்ன சட்டத்தை' எடுத்துப் படிப்பதுதான் வேலை.

பிறகு 1952-ன் யங்ஸ்டவுன் வழக்கில் நீதிபதி ஜாக்சன் வகுத்த மூன்று பெட்டிகளில் ஒன்றில் போடுங்கள். காங்கிரஸ் அனுமதித்ததைச் செய்தால் அதிபரின் கை உச்சத்தில். காங்கிரஸ் எதுவும் சொல்லாதபோது செய்தால் இருட்டு மூலை, சூழலைப் பொறுத்தது. காங்கிரசின் விருப்பத்துக்கு எதிராகச் செய்தால் அரசமைப்பு அதிபருக்கே நேரடியாகத் தந்த அதிகாரம் மட்டுமே காப்பாற்றும். கொரியப் போர் நடக்கும்போது வேலைநிறுத்தத்தைத் தவிர்க்க அதிபர் ட்ரூமன் எஃகு ஆலைகளை எடுத்துக்கொண்டார். 1947-ல் இத்தகைய கையகப்படுத்தல் அதிகாரத்தைத் தரக் காங்கிரஸ் மறுத்திருந்தது. ஆகவே மூன்றாவது பெட்டி, 6-3 தோல்வி.

துறைகளுக்கும் இதே வழிதான், ஆனால் சட்டத்தின் வினைச்சொல்லை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். மாணவர் கடனில் சுமார் 43,000 கோடி டாலரைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2023-ல் விழுந்தது, கடன் விதிகளை 'விலக்கவோ மாற்றியமைக்கவோ' அனுமதித்த சட்டம் அவ்வளவு தூரம் நீளாது என்பதால். சட்டத்துக்குத் துறை சொல்லும் பொருளை ஏற்றுக்கொள்ளும் பழைய வழக்கமும் 2024-ல் போய்விட்டது. பொருளை நீதிமன்றமே முடிவு செய்யும்.

6. மாநிலம் என்றால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்

மாநிலத்திடம் 'எந்தக் கூறு?' என்று கேட்காதீர்கள். உடல்நலம், பாதுகாப்பு, ஒழுக்கம் பற்றிப் பொதுவாகச் சட்டமியற்றும் அதிகாரம் அதற்கு இயல்பாகவே உண்டு. இதை அங்கே 'போலீஸ் பவர்' என்பார்கள். காவல் துறையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். லோபஸ் வழக்கு நடந்தபோதே நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் பள்ளித் துப்பாக்கித் தடை இருந்தது. யாரும் அதிகாரம் எங்கே என்று கேட்கவில்லை.

மாநிலத்திடம் கேட்க வேண்டியது 'எது தடுக்கிறது?' என்றுதான். முதல் உறுப்பின் 10-வது பிரிவு தடுக்கலாம்: நாணயம் அடிப்பது, பிற நாட்டோடு ஒப்பந்தம் செய்வது. செல்லத்தக்க ஃபெடரல் சட்டம் தடுக்கலாம். பிற மாநிலச் சரக்கைப் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்ற விதி தடுக்கலாம். உள்ளூர் ஒயின் ஆலை வீட்டுக்கு அனுப்பலாம், வெளி மாநில ஆலை கூடாது என்ற மிச்சிகன், நியூயார்க் விதிகள் 2005-ல் அப்படித்தான் போயின.

'ஃபெடரல் சட்டமே மேலானது' என்று பாதியோடு நிறுத்திக்கொள்வது இங்கே வழக்கமான பிழை. ஆறாவது உறுப்பு அரசமைப்பின்படி இயற்றப்பட்ட சட்டத்துக்குத்தான் அந்த மேலாண்மையைத் தருகிறது. படி 2-ல் தோற்ற சட்டம் மாநிலச் சட்டத்தை வெல்லாது.

7. இப்போதுதான் உரிமைகள்

முதலில், தடுத்தது அரசுதானா? ஒரு தனியார் நிறுவனம் உங்கள் பதிவை நீக்கினால் முதல் திருத்தம் உதவாது. அது அரசைக் கட்டுப்படுத்துவது. அடிமைமுறையைத் தடுக்கும் 13-வது திருத்தம் தனிமனிதரையும் நேரடியாகக் கட்டும். அது அபூர்வ விதிவிலக்கு.

அடுத்து, மாநிலம் என்றால் அந்த உரிமை மாநிலத்தைக் கட்டுமா? முதல் பத்துத் திருத்தங்கள் ஃபெடரல் அரசை மட்டுமே கட்டும் என்று 1833-ல் தீர்ப்பானது. 1868-ன் 14-வது திருத்தத்தின் வழியாகத்தான் அவை ஒவ்வொன்றாக மாநிலங்களுக்கு வந்தன. ஆயுத உரிமை 2010-ல், மிதமிஞ்சிய அபராதத் தடை 2019-ல். உரிமையியல் வழக்கில் ஜூரி கேட்கும் உரிமை இன்றுவரை வரவில்லை.

பிறகு தராசு, அதாவது நீதிமன்றம் அந்த விதியை எவ்வளவு கடுமையாகச் சோதிக்கும் என்பது. இன அடிப்படையிலோ, பேச்சின் உள்ளடக்க அடிப்படையிலோ பிரித்தால் மிகக் கடுமையான சோதனை. பாலினம் என்றால் நடுத்தரம். சாதாரணப் பொருளாதார விதி என்றால் ஏதாவது நியாயமான காரணம் போதும். துப்பாக்கிக்கு 2022 முதல் தனி வழி: நாட்டின் வரலாற்று மரபோடு அந்த விதி ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். தராசைத் தவறாக எடுத்தால் விடையும் தவறிவிடும். ஆகவே வாதத்தில் இறங்கும் முன் தராசின் பெயரை எழுதிவிடுங்கள்.

8. யார் கேட்க முடியும், எவ்வளவு விழும்?

பொதுநல வழக்கு, தாமாக முன்வந்து விசாரித்தல், நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் ரிட் மனு: இவற்றையெல்லாம் அங்கே எதிர்பார்க்காதீர்கள். வழக்குத் தொடுப்பவருக்குத் திட்டவட்டமான பாதிப்பு இருக்க வேண்டும், எதிர்த்தரப்பின் செயலால் அது வந்திருக்க வேண்டும், தீர்ப்பால் அது தீர வேண்டும். 'நான் வரி கட்டுகிறேன்' என்பது பொதுவாகப் போதாது. வழக்கு இல்லாமல் கேட்டால் நீதிமன்றம் சொல்லும் ஆலோசனைக் கருத்தும் கிடையாது. 1793-ல் அதிபர் வாஷிங்டனே கேட்டும் நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். லோபஸ் வழக்கில் இந்தச் சிக்கல் எழவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சிறை என்ற பாதிப்பு கண்முன்னே நிற்கிறது.

தீர்ப்பு வந்த பிறகு முழுச் சட்டமும் போனதாக எழுதாதீர்கள். 2012-ல் மெடிக்கெய்டு நிபந்தனையின் மிரட்டல் மட்டும் வெட்டப்பட்டது, மீதிச் சட்டம் நின்றது.

9. ஒருமுறை நீங்களே ஓட்டிப் பாருங்கள்

லோபஸ் தீர்ப்புக்குப் பிறகு, 1996-ல், காங்கிரஸ் அந்தச் சட்டத்தில் ஒரு தொடர் சேர்த்தது: மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தில் பயணப்பட்ட, அல்லது அதை வேறுவிதமாகப் பாதிக்கும் துப்பாக்கியாக இருக்க வேண்டும். அதை வழக்குக்கு வழக்கு அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். தாளை எடுத்து மறுபடி படி 1-லிருந்து தொடங்குங்கள். படி 2-ல் மூன்று கேள்விகளில் எது இப்போது பொருந்துகிறது என்று எழுதுங்கள். ஒரு மாநிலத்திலேயே செய்து, அங்கேயே விற்று, எல்லை தாண்டாத துப்பாக்கியானால் என்ன ஆகும் என்பதையும் தனியே எழுதுங்கள். திருத்திய சட்டத்தைக் கீழ் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆகவே இந்த முறை படி 2-ல் நிற்காமல் படி 7 வரைக்கும் போக வேண்டியிருக்கும். அங்கே எந்தத் தராசு என்பதை மேலே பார்த்தோம்.